விடாத காய்ச்சலும் வீட்டார் கடமையும்

(ஆலயத் திருவிழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப நலக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

குழந்தை உள்ள இல்லத்தில் காய்ச்சல் என்பது அழையாமல் வரும் விருந்தாளி. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போய்விட்டால் எவரும் அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் விடாமல் நிற்கும்போதுதான் வீடு கலங்குகிறது. பாட்டி ஒன்று சொல்வார். அண்டை வீட்டார் வேறொன்று சொல்வார். தந்தை வேலை முடிந்து வரும் வழியில் மருந்தகத்தில் புதிதாக ஒரு புட்டியை வாங்கி வருவார். இவர்களில் எவருடைய அன்பிலும் குறை இல்லை. ஆயினும் அன்பு மிகுந்து ஒழுங்கு குறைந்த இடத்தில் நோயாளிக் குழந்தைக்குத் தீங்கு நேர இடமுண்டு. விடாத காய்ச்சலின்போது வீட்டார் கைக்கொள்ள வேண்டிய அந்த ஒழுங்கைப் பற்றியதே இவ்வுரை.

காய்ச்சல் என்பது யாது?

காய்ச்சல் தனியொரு நோய் அன்று. பெரும்பாலும், உடலுக்குள் கிருமி புகுந்துவிட்டது என்பதை அறிவிக்கும் அடையாளமே அது. கிருமியை எதிர்க்கும் முயற்சியில் உடலே தன் வெப்பநிலையை உயர்த்திக்கொள்கிறது. செருமானிய மருத்துவர் வுண்டர்லிச், ஆயிரக்கணக்கான நோயாளிகளின் உடல்வெப்பத்தை அளந்து 1868இல் வெளியிட்ட நூலின் பயனாகவே, 37 பாகை செல்சியஸ் இயல்பான வெப்பம் என்ற வழக்கு உலகெங்கும் பரவியது. 38 பாகையை எட்டினால் அது காய்ச்சல் எனக் கொள்ளலாம்.

தாயின் புறங்கை குழந்தைக்குக் காய்ச்சல் இருப்பதைச் சொல்லிவிடும். எவ்வளவு என்பதைச் சொல்லாது. ஆதலின் ஒவ்வோர் இல்லத்திலும் மின்னியல் வெப்பமானி ஒன்று இருத்தல் வேண்டும். அக்குளின் ஈரத்தைத் துடைத்து, வெப்பமானியின் முனை தோலில் படும்படி வைத்து, கையை உடலோடு அணைத்துப் பிடித்து, ஒலி எழும்வரை பொறுத்திருக்க வேண்டும். அக்குளில் எடுக்கும் அளவு உள்ளுடல் வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

எனினும், எண்ணை மட்டுமே பார்த்து அஞ்சுவது முறையன்று. 39 பாகை காய்ச்சலிலும் பால் குடித்து, பொம்மையைத் தேடி, தாயைப் பார்த்துச் சிரிக்கும் குழந்தை உண்டு. 38 பாகையிலேயே கண் திறவாமல் துவண்டு கிடக்கும் குழந்தையும் உண்டு. இரண்டாவது குழந்தையே உடனடியாக மருத்துவரைக் காண வேண்டிய குழந்தை. வெப்பமானியைப் பார்த்த கண், அதன் பின்னர்க் குழந்தையையும் பார்க்க வேண்டும்.

இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. பிறந்து மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 38 பாகை காய்ச்சல் கண்டால், குழந்தை எவ்வளவு நலமாகத் தோன்றினாலும், வீட்டு வைத்தியத்திற்கோ காத்திருப்பதற்கோ இடமில்லை. அன்றே, அப்பொழுதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருந்தும் கணக்கும்

காய்ச்சலுக்கு வீட்டில் கொடுக்கத்தக்க மருந்து பாராசிட்டமோல். அது காய்ச்சலின் காரணத்தைப் போக்குவதில்லை. குழந்தையின் உடல்வலியையும் அசௌகரியத்தையும் சில மணி நேரம் தணிக்கிறது, அவ்வளவே. ஆகவே காய்ச்சல் இருந்தும் இயல்பாக விளையாடும் குழந்தைக்கு அதனைக் கட்டாயமாகக் கொடுக்க வேண்டியதில்லை. உறங்கும் குழந்தையை மருந்துக்காக எழுப்ப வேண்டியதும் இல்லை. மருந்து கொடுத்தும் காய்ச்சல் மீண்டும் ஏறுகிறதே என்று கலங்குவோர் பலர். காரணம் நீங்கும்வரை அது ஏறத்தான் செய்யும்.

இம்மருந்தின் அளவு குழந்தையின் வயதைவிட எடையையே பொறுத்தது. எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு வேளை அளவு. ஒரு வேளைக்கும் மறு வேளைக்கும் இடையே குறைந்தது 4 மணி நேரமாவது கழிய வேண்டும். 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் கொடுத்தல் கூடாது.

இங்கேதான் பலர் அறியாத ஒரு சிக்கல் உள்ளது. மருந்தகங்களில் விற்கப்படும் பாராசிட்டமோல் நீர்மருந்து ஒரே வலிமை உடையதன்று. 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. 250 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் வேண்டும் எனக் கொள்வோம். முதல் புட்டியில் அது ஏறத்தாழ 6 மில்லிலிட்டர். இரண்டாம் புட்டியிலோ 3 மில்லிலிட்டரே. பழைய புட்டி தீர்ந்து புதிய புட்டி வந்தபின், பழைய பழக்கத்திலேயே 6 மில்லிலிட்டரை ஊற்றினால் குழந்தைக்கு இரு மடங்கு மருந்து போய்ச் சேரும். எனவே புட்டி மாறும்போதெல்லாம் அதன் மேலுள்ள எழுத்தைப் படிக்க வேண்டும். அடுப்பங்கரைக் கரண்டியை விடுத்து, மருந்தோடு வரும் அளவுக் குவளையையோ ஊசியில்லாப் பீற்றுக்குழலையோ பயன்படுத்த வேண்டும்.

மற்றொரு நிலையை எண்ணிப் பார்ப்போம். தாயும் தந்தையும் வேலைக்குச் செல்லும் குடும்பம். காலை 7 மணிக்குத் தாய் மருந்து கொடுத்துவிட்டுப் புறப்படுகிறார். 9 மணிக்குப் பேரனின் உடல் சுடுவதைக் கண்ட பாட்டி மனம் பொறாமல் ஒரு வேளை கொடுக்கிறார். இரவு வேலை முடித்து உறங்கி எழுந்த தந்தை, நண்பகலில் சளி மருந்தை ஊற்றுகிறார். அந்தச் சளி மருந்திலும் பாராசிட்டமோல் கலந்திருக்கக்கூடும். மூவரும் அன்பினால்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒருவர் கொடுத்ததை மற்றவர் அறியவில்லை. இவ்வாறு இரண்டு மூன்று நாள் அளவு மீறிப் போனால் கல்லீரல் பாதிப்படையும்.

இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு தாள் போதும். குளிர்பதனப் பெட்டியின் கதவில் அதனை ஒட்டி, ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டால் போதும். தேதி, மணி, காய்ச்சலின் அளவு, கொடுத்த மருந்தின் பெயரும் மில்லிலிட்டரும், கொடுத்தவர் யார், என்ன குடித்தது, எத்தனை முறை சிறுநீர் கழித்தது, வேறு ஏதேனும் கண்டதா என்பவற்றை அதில் எழுதி வர வேண்டும். தாளைப் பாராமல் எவரும் மருந்துப் புட்டியைத் தொடுவதில்லை என்பது அந்த வீட்டின் சட்டமாக இருக்கட்டும். எழுதப் படிக்க இயலாத முதியவர் வீட்டில் இருந்தால், அவர் ஒரு கோடு கிழித்து வைத்தாலும் போதுமானது. மணியை மற்றவர் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

ஆஸ்பிரின் மாத்திரையைக் குழந்தைகளுக்கு வீட்டில் ஒருபோதும் கொடுத்தலாகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய்க்கு அது வழிவகுக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் 1963இல் அந்நோயை விவரித்த மருத்துவர் ரேயின் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. ஐபுபுரோஃபென் போன்ற மருந்துகளையும் மருத்துவர் சொல்லாமல் கொடுக்க வேண்டா. டிங்கி காய்ச்சலாக இருப்பின் அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும்.

நீரும் உணவும்

காய்ச்சல் கண்ட குழந்தை சோறு உண்ணவில்லையே என்று வருந்தும் தாய்மார், அது நீர் அருந்தவில்லையே என்று அதைவிட மிகுதியாக வருந்த வேண்டும். உணவின்றி இரண்டு நாள் இருந்த குழந்தை பின்னர்த் தேறிவிடும். நீர் வற்றிய குழந்தை விரைவில் தளர்ந்துவிடும். தாய்ப்பால் அருந்தும் குழந்தைக்குத் தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்க வேண்டும். வளர்ந்த குழந்தைக்குக் கஞ்சித் தண்ணீர், பார்லித் தண்ணீர், இளநீர், ரசம் எது பிடிக்கிறதோ அதனை ஒரு வாய், இரண்டு வாய் என அடிக்கடி ஊட்டலாம். வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால், மருந்தகத்தில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைப் பொடியைப் பொட்டலத்தில் குறித்துள்ள அளவு நீரிலேயே கரைத்துக் கொடுக்க வேண்டும். கஷாயத்தில் தேன் கலந்து கொடுக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் ஆகாது.

குளிர்கிறது என்று கம்பளியால் இறுகப் போர்த்துவதும், அதற்கு நேர்மாறாகப் பனிக்கட்டி நீரால் துடைப்பதும் தவறான செயல்கள். ஓடிகோலனை நெற்றியிலும் மார்பிலும் தடவும் பழக்கத்தையும் குழந்தைகள் விஷயத்தில் கைவிட வேண்டும். மென்மையான பருத்தி ஆடையும் காற்றோட்டமான அறையுமே போதும். துடைத்துவிட விரும்பினால் வெதுவெதுப்பான நீரில் துடைக்கலாம். குழந்தை நடுங்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வலிப்பு வந்தால்

காய்ச்சலின்போது சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டி, கண் மேலே செருகி, வலிப்பு வருவதுண்டு. இதனையே முதியோர் ஜன்னி என்றும் இழுப்பு என்றும் சொல்வர். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இது நேர்கிறது. பார்ப்பவர் நெஞ்சை உலுக்கும் காட்சி எனினும், பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். மூளைக்குக் கேடு விளைவிப்பதும் அரிது.

அவ்வேளையில் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதாலும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதாலும் நன்மை ஏதுமில்லை. பல் உடையலாம்; மூச்சு அடைபடலாம். குழந்தையைத் தரையில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஆடையைத் தளர்த்தி, வாயில் எதனையும் ஊற்றாமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தால் 999 எண்ணை அழைக்க வேண்டும். விரைவில் நின்றுவிட்டாலும், முதன்முறை வலிப்பு கண்ட குழந்தையை அன்றே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

காய்ச்சல் விட்ட நாள்

இனி, இவ்வுரையின் தலையாய செய்திக்கு வருவோம். காய்ச்சல் இறங்கிவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்பதே அனைவரின் நம்பிக்கை. பெரும்பாலான காய்ச்சல்களில் அது மெய்யே. டிங்கி காய்ச்சலில் அது மெய்யன்று.

டிங்கி இந்நாட்டிற்குப் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பினாங்கில் அது பதிவாகியுள்ளது. இரத்தக் கசிவோடு கூடிய கொடிய வடிவம் 1962இல் அதே பினாங்கில் கண்டறியப்பட்டது. இந்நோயில் முதல் சில நாள் உடல் கொதிக்கும். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் காய்ச்சல் இறங்கும். வீட்டார் பெருமூச்சு விடுவர். விடுப்பு எடுத்திருந்த தாய் வேலைக்குத் திரும்புவார். ஆனால் அவ்வேளையில்தான் சில குழந்தைகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர்மம் வெளியே கசியத் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரமே அக்குழந்தைகளுக்கு மிக நெருக்கடியான காலம்.

நல்ல இறக்கத்திற்கும் தீய இறக்கத்திற்கும் வேறுபாடு காண்பது தாய்க்கு அரிதன்று. காய்ச்சல் இறங்கிய குழந்தை எழுந்து அமர்ந்து பசிக்கிறது என்று கேட்டால், சிறுநீர் நன்கு கழித்தால், அது நல்ல இறக்கம். காய்ச்சல் இறங்கியும் குழந்தை மேலும் சோர்ந்தால், காரணமின்றி அமைதியிழந்து அழுதால், வயிறு வலிக்கிறது என்றால், மீண்டும் மீண்டும் வாந்தி எடுத்தால், மூக்கிலோ ஈறிலோ இரத்தம் கண்டால், கை கால் சில்லிட்டால், அது தீய இறக்கம். இதில் ஒன்றே ஒன்று கண்டாலும், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இக்காரணத்தாலேயே காய்ச்சலின் நாள்களை எண்ணுவது இன்றியமையாததாகிறது. 'நாலைந்து நாளாகக் காய்ச்சல்' என்று சொல்வதற்கும், 'செவ்வாய்க்கிழமை மாலை தொடங்கியது' என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. எந்த நாளில் எந்த இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதன் முடிவை எவ்வாறு பொருள்கொள்ள வேண்டும் என்பதை மருத்துவர் அந்நாளைக் கொண்டே முடிவு செய்கிறார். முதல் நாள் செய்த பரிசோதனை நலமாக இருந்தது என்று நான்காம் நாள் வாளாவிருத்தலும் ஆகாது.

வேறு காரணங்கள்

விடாத காய்ச்சலுக்கு டிங்கி மட்டுமே காரணமன்று. சளியோ இருமலோ இன்றிக் காய்ச்சல் மட்டும் நீடிக்கும் குழந்தைக்குச் சிறுநீர்த் தொற்று இருக்கலாம். எளிய சிறுநீர்ப் பரிசோதனை அதனைக் காட்டிவிடும். கை, கால், வாய்ப்புண் நோய் பெரும்பாலும் ஒரு வாரத்தில் ஆறிவிடும். ஆயினும் 1997இல் சரவாக்கில் அது பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். அந்நோய் கண்ட குழந்தை உறக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டாலோ, நடையில் தள்ளாடினாலோ தாமதிக்கலாகாது. ஐந்து நாளாக விடாத காய்ச்சலோடு கண் சிவந்து, உதடு வெடித்து, நாக்குச் செந்நிறமாகித் தடிப்பும் தோன்றினால், இதயத்தின் இரத்தக் குழாய்களைத் தாக்கும் கவாசாக்கி நோயாகவும் இருக்கக்கூடும். ஜப்பானிய மருத்துவர் கவாசாக்கி 1967இல் விவரித்த இந்நோய்க்கு முதல் 10 நாளுக்குள் சிகிச்சை தொடங்கினால் பெரும்பயன் உண்டு.

ஆதலின் பொதுவிதி இதுவே: குழந்தை ஓரளவு நலமாகத் தோன்றினாலும் மூன்றாம் நாளில் மருத்துவரைக் காண்க, ஐந்தாம் நாளும் விடவில்லையெனில், முன்னர் பார்த்தாயிற்று என்று இருந்துவிடாமல் மீண்டும் காண்க. மூச்சுத் திணறல், எழுப்பியும் விழிக்காத மயக்கம், கழுத்து விறைப்பு, அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், 8 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் எது கண்டாலும் நாள் எண்ண வேண்டியதில்லை, உடனே செல்க. ஒரு கிளினிக்கை விட்டு மற்றொன்றுக்குச் செல்ல நேர்ந்தால், முந்தைய மருந்துகளையும் பரிசோதனைத் தாள்களையும் குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டையும், கதவில் ஒட்டிய அந்தத் தாளையும் உடன் கொண்டு செல்க.

நம்பிக்கையும் மருத்துவமும்

குழந்தையின் நெற்றியில் திருநீறு இடுவதும், கையில் கயிறு கட்டுவதும், வேப்பிலை செருகுவதும் வழிவழியாக வந்த வழக்கங்கள். இவற்றுக்கும் மருத்துவத்திற்கும் பகை இல்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகி, வெளியார் வராமல் தனித்திருந்த முன்னோரின் வழக்கம், நோய் பரவாமல் தடுக்கும் ஒழுங்காகவும் அமைந்தது. திருநீறு இட்ட கையோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் செல்வதில் யாதொரு குறையும் இல்லை. 'அம்மன் வந்திருக்கிறாள், ஊசி போடக் கூடாது' என்று சொல்லி, மூச்சு வாங்கும் குழந்தையை வீட்டிலேயே வைத்திருப்பதுதான் குறை.

திருவிழாக் காலத்தில் இன்னொன்றும் நிகழ்கிறது. கரும்புத் தொட்டிலில் குழந்தையைச் சுமப்பதாக வேண்டிக்கொண்ட பெற்றோர், குறித்த நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் வெயிலிலும் நெரிசலிலும் அதனைச் சுமந்து வருகின்றனர். குழந்தையின் நலத்தை வேண்டிச் செய்த நேர்த்திக்கடன், அக்குழந்தையின் நலத்தைக் கெடுத்து நிறைவேற வேண்டியதில்லை. அடுத்த ஆண்டும் திருவிழா வரும். தொற்று நோய் கண்ட குழந்தையை வீட்டில் வைத்திருப்பது, கூட்டத்தில் வரும் பிற குழந்தைகளுக்குச் செய்யும் தொண்டும் ஆகும்.

தாய்மார்களே, பெரியோர்களே! இன்று இல்லம் திரும்பியதும் மூன்று செயல்களைச் செய்யுங்கள். வெப்பமானி வேலை செய்கிறதா என்று பாருங்கள். மருந்துப் புட்டியின் வலிமையையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். குழந்தையின் இப்போதைய எடையை ஒரு தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள். காய்ச்சல் வந்த இரவில், குழந்தை அழும் வேளையில், இவற்றைத் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது. காய்ச்சல் வந்தபின் அந்தத் தாளில் நாள்தோறும் எழுதுங்கள். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாள் எழுதுங்கள்.

பிள்ளைச் செல்வங்கள் யாவரும் நோயற்ற வாழ்வு வாழ வேண்டி, இவ்வுரை நிறைவு பெறுகிறது.